ஒலிபெருக்கிச் சாமி

அந்தப் பேருந்து நிலையத்தில் அவளுக்கு மைக்கு என்று பெயர். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டுதான். அது அடையாள அட்டையில் பத்திரமாக இருக்கிறது. டீக்கடைக்காரர் முதல் நிலைய மேலாளர் வரை எல்லோருக்கும் அவள் மைக்கு, வயதில் சின்னவர்களுக்கு மைக்கக்கா. ஐம்பதைத் தாண்டிய பெண்ணை இப்படியா கூப்பிடுவது என்று யாராவது கேட்டால், கேட்டவரைத்தான் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். அவளுக்கே அது உறைத்ததில்லை.

மாடிப்படி முடிகிற இடத்தில் ஒரு சின்ன அறை, ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. உள்ளே ஒரு மேசை, ஒரு மின்விசிறி, பஞ்சு உறை போட்ட மைக். எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது என்று கீழேயிருந்து டைம்கீப்பர் இன்டர்காமில் சொல்வார். அவள் சுவிட்சை அழுத்தி, இரைச்சல் அடங்கும்வரை பொறுத்து, "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று தொடங்குவாள். தொடங்கிய கையோடு நிறுத்தவும் வேண்டும். சொன்னது எதிர்ச் சுவரில் முட்டித் திரும்பி வந்து அடங்கிய பிறகுதான் அடுத்த வார்த்தை. இல்லாவிட்டால் ஒன்றோடொன்று மோதி, துறைமுகத்துக்குப் போகிறவர் மலையடிவாரத்தில் போய் இறங்குவார். புதிதாக வருகிறவர்கள் கோட்டைவிடுவது இந்த இடத்தில்தான். மைக்குவுக்கு அந்த இடைவெளி நாக்கிலேயே தங்கிவிட்டது. கடையில் சோப்பு வாங்கப் போனால்கூட "ஒரு சோப்பு" என்று சொல்லிவிட்டுக் கொஞ்சம் நின்று, பிறகுதான் "சின்னது" என்பாள். கடைக்காரர் தலையைத் தூக்கி, "இந்தக் குரலை எங்கயோ கேட்டிருக்கேனே" என்பார். எங்கே என்று சொல்லாமல் சோப்பை வாங்கிக்கொண்டு வந்துவிடுவாள்.

வீட்டில் அவளும் அம்மாவும் மட்டும். அண்ணன் குடும்பத்தோடு வேறொரு ஊரில். இவளுக்குக் கல்யாணப் பேச்சு எடுத்த சமயத்தில் அப்பா படுத்த படுக்கையானார். அவர் எழுந்திருக்கட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டார்கள். அவரும் எழுந்திருக்கவில்லை, அந்தப் பேச்சும் அதற்குப் பிறகு எழுந்திருக்கவில்லை. அப்பா கிடந்த நாட்களில் அவள் கடவுளிடம் கேட்காத கேள்வியில்லை, கெஞ்சாத கெஞ்சலில்லை. ஒரு பதிலும் வரவில்லை. அன்றோடு அவருடன் பேச்சுவார்த்தை நின்றது. கடவுள் இல்லை என்று வரிந்துகட்டிக்கொண்டு வாதாடுகிற ரகம் இல்லை அவள். மனஸ்தாபத்தில் பேச்சை நிறுத்திவிட்ட சித்தப்பா பக்கத்துத் தெருவில் குடியிருப்பதைப்போல அவரும் எங்கேயோ இருப்பார், இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள். எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள், அவ்வளவுதான்.

அம்மா இதற்கு நேர்மாறு. சாமியோடு பேசாமல் அவளுக்கு ஒரு வேலையும் ஓடாது. வெங்காயம் அழுகிப்போனாலும் சாமியிடம் புகார். துணி காய்ந்துவிட்டால் சாமிக்குப் பாராட்டு. எந்தச் சாமி, என்ன பெயர் என்றெல்லாம் வைத்துக்கொண்டதில்லை. "சாமி" என்று கூப்பிடுவாள், கூப்பிட்ட குரலுக்கு அது வந்து நிற்கிறது என்கிற நினைப்பில் பேசிக்கொண்டே போவாள். மகள் பேச்சை நிறுத்தியது அவளுக்குத் தெரியும். "உனக்கும் சேத்து நானே சொல்லிட்டேன் போ" என்பாள், யாருக்கோ டிக்கெட் எடுத்துவிட்ட மாதிரி.

வீடு பேருந்து நிலையத்தின் பின்சுவரை ஒட்டிய சந்தில். சுவரின்மேல் கூம்பு ஒலிபெருக்கி ஒன்று, மாட்டியவனின் அசட்டையால், நிலையத்தைப் பார்க்காமல் சந்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. குடியிருந்தவர்கள் எல்லோரும் திட்டித் தீர்த்தார்கள். அம்மா மட்டும் அதற்காகவே இந்த வீட்டைப் பிடிக்கச் சொன்னாள். "நீ வேலை செய்யறது எனக்கு இங்கேருந்தே கேக்கும்ல" என்றாள். அப்படித்தான் நடந்தது. காய் நறுக்கிக்கொண்டே, "எம்மவ பேசுறா" என்று எதிர்வீட்டு டீச்சரிடம் பெருமையடித்துக்கொள்வாள். மகளின் முறை முடிந்து டிக்கெட் கவுன்ட்டர்க்காரரின் மூக்கால் பேசும் குரல் வந்ததும் டீக்குத் தண்ணீர் வைப்பாள். மைக்கு செருப்பைக் கழற்றும்போது டம்ளர் தயாராக இருக்கும்.

பிறகு அம்மாவுக்கு மறதி வந்தது. மறதி ஒரேயடியாக வந்து எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போகிற திருடன் இல்லை. ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு போகும். முதலில் உப்புப் போட்டோமா என்பது போயிற்று. அப்புறம் அடுப்பை அணைத்தோமா என்பது. அப்புறம் தெருக்காரர்களின் முகங்கள். கடைசியில் ஒரு நாள் காலையில், தலைவாரிவிட்டுக்கொண்டிருந்த மகளை அண்ணாந்து பார்த்து, "நீ எந்த வீட்டுப் பொண்ணும்மா?" என்று கேட்டாள். விளையாட்டு என்று நினைத்து மைக்கு சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு மைக்கு அந்த வீட்டில் "இந்தாம்மா" ஆனாள். இந்தாம்மா, தண்ணி. இந்தாம்மா, அந்த ஜன்னலைத் திற. நல்ல நாளாக இருந்தால், "உனக்கு ரொம்பச் சிரமம்" என்று மரியாதையாகச் சொல்வாள். மோசமான நாளாக இருந்தால் கரண்டியைத் தட்டிவிடுவாள், புடவையைத் திருடிக்கொண்டாய் என்பாள். மருத்துவர் மாத்திரை கொடுத்தார், பொறுமையாக இருக்கச் சொன்னார். பொறுமையை எந்தக் கடையில் வாங்குவது என்று அவர் சொல்லவில்லை. சாப்பாட்டுத் தட்டோடு அம்மா எதிரில் உட்கார்ந்திருக்கும்போது மைக்குவுக்குத் தோன்றுவது ஒன்றுதான்: உலகத்தில் தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஒரே ஒரு ஆள் பாக்கி இருந்தாள், அந்த ஆளும் போய்விட்டாள். உடம்பு மட்டும் எதிரில் உட்கார்ந்து, இந்தத் தட்டு யாருடையது என்று கேட்டுக்கொண்டிருக்கிறது.

எதிர்வீட்டு டீச்சர் ஓய்வு பெற்றவர். மைக்கு வேலைக்குப் போகும் நேரத்தில் அவ்வப்போது வந்து அம்மாவைப் பார்த்துக்கொள்வார். ஒரு நாள் அவர் மைக்குவை வழியில் நிறுத்தினார்.

"ஏம்மா, உங்கம்மா என்ன பண்றாங்க தெரியுமா? உன் குரல் வந்தா போதும், ஜன்னல்கிட்டப் போய் உக்காந்து கண்ணை மூடிக்கிறாங்க. நீ நிறுத்துற இடத்துலயெல்லாம் பதில் சொல்றாங்க."

"என் குரல்னு தெரியுதா டீச்சர்?" என்றாள் மைக்கு.

"அதை நீயே கேட்டுக்கோ" என்றார் டீச்சர்.

அன்று மாலையே கேட்டாள். அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ஊருக்கே தெரிந்த விஷயம் உனக்குத் தெரியாதா என்கிற தோரணையில் சொன்னாள்:

"அது சாமி. தினமும் பேசும்."

"சாமியா? என்ன பேசும்?"

"காத்திருக்கச் சொல்லும். வரவேண்டியது வந்துட்டே இருக்குன்னு சொல்லும். உடைமையைப் பத்திரமா வெச்சுக்கச் சொல்லும்." அம்மா மடியிலிருந்த தலையணையை இறுக்கிக்கொண்டாள். "லேட்டாயிட்டா, சிரமத்துக்கு வருந்துகிறோம்னு சொல்லும். மன்னிப்புக் கேக்குற சாமியை நீ எங்கயாவது பாத்திருக்கியா?"

மைக்கு பார்த்ததில்லை. சிரிப்பு வந்தது. சமையலறைக்குப் போய்ச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தது எப்போது அழுகையாயிற்று என்று அவளுக்குத் தெரியவில்லை. பொறாமையாக இருந்தது. யார்மேல்? தன் குரலின்மேல்தான். கூடவே இருந்து குளிப்பாட்டி, ஊட்டி, துணி அலசுகிறவளுக்கு "நீ யாரு". சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வெறும் வாயால் பேசுகிறவளுக்குப் பூசை. இது எந்த ஊர் நியாயம்?

மறுநாள் அம்மா சாப்பிட மறுத்தபோது ஒரு தந்திரம் செய்து பார்த்தாள். கதவுக்குப் பின்னால் போய் நின்று, வாயைக் கையால் குவித்துக்கொண்டு, வேலைக்குரலில், "அம்மாவின் கனிவான கவனத்திற்கு" என்றாள். எதிரொலிக்கு வேண்டிய இடைவெளியும் விட்டாள். "சாப்பாடு... தயாராக உள்ளது."

உள்ளேயிருந்து பதில் உடனே வந்தது. "இந்தாம்மா, சாமி மாதிரி பேசி என்னை ஏமாத்தப் பாக்காத. வாய் வெந்துபோகும்."

ஆக, அம்மாவுக்குச் சாமியாக இருக்க வேண்டுமென்றால் அது அலுவலக நேரத்தில், அரசாங்க ஒலிபெருக்கி வழியாகத்தான் முடியும் என்றாகிவிட்டது. சரி, அப்படியே ஆகட்டும் என்று மைக்கு துணிந்துவிட்டாள். வெயில் ஏறியதும், "பயணிகள் அவ்வப்போது தண்ணீர் குடிக்க மறக்க வேண்டாம்" என்று ஒன்றைச் சேர்த்தாள். அம்மா குடித்துவிட்டாள் என்று டீச்சர் சொன்னார். அம்மா மட்டுமா? நிலையத்தில் இருந்த அத்தனை பேரும் எழுந்து குழாயடியில் முண்டியடித்தார்கள். அடுத்தது, "மருந்து உட்கொள்பவர்கள் மதிய மருந்தைத் தவறாமல் உட்கொள்ளவும்". அதற்கடுத்து, "அவரவர் இருக்கையிலேயே அமைதியாக அமர்ந்திருக்கவும்". இதைக் கேட்டு நடைமேடையில் நின்றவர்கள் இருக்கை எங்கே இருக்கிறது என்று தேடினார்கள்.

மேலாளர் கூப்பிட்டு விசாரித்தார். "என்ன மைக்கு, நாம பஸ் விடுறோமா, ஆஸ்பத்திரி நடத்துறோமா?"

"வெயில் சார். நேத்து ரெண்டு பேர் மயக்கம் போட்டுட்டாங்க."

"யாரு?"

"கவனிக்கல சார்" என்றாள் மைக்கு. மேலாளர் நல்ல மனிதர், அதற்குமேல் தோண்டவில்லை. டைம்கீப்பர் மட்டும் இன்டர்காமில், "சாமியம்மா, மலையடிவாரம் வண்டி மூணாவது மேடையில நிக்குது, அருள் புரியுங்க" என்று கலாய்த்தார். டீச்சர் எங்கோ வாய்விட்டிருக்க வேண்டும்.

கொஞ்ச நாள் இது நன்றாகத்தான் போயிற்று. ஆனால் சாமி வேலையில் லீவு கிடையாது என்பது அவளுக்குக் காய்ச்சல் வந்தபோது தெரிந்தது. எழுந்திருக்க முடியாத காய்ச்சல். நிலையத்துக்குச் சொல்லி அனுப்பிவிட்டு, மாத்திரை போட்டுக்கொண்டு அம்மாவுக்குப் பக்கத்து அறையில் சுருண்டு படுத்தாள். அன்று முழுக்கக் கவுன்ட்டர்க்காரரின் மூக்குக் குரல்தான். அவள் அசந்து தூங்கிய நேரத்தில் அம்மா கதவைத் திறந்துகொண்டு போய்விட்டாள். டீச்சர்தான் தெருமுனையில் கண்டுபிடித்துக் கூட்டிவந்தார். காலில் செருப்பில்லை, முழங்காலில் ரத்தம். போகிற வருகிறவர்களையெல்லாம் நிறுத்தி வழி கேட்டுக்கொண்டிருந்தாளாம்.

"எங்கேம்மா போன?" என்று காய்ச்சலோடு கத்தினாள் மைக்கு.

"தேடிப் போனேன்" என்றாள் அம்மா. யாரைத் தேடி என்று சொல்லவில்லை. சொல்லவும் வேண்டுமா? சாமியின் குரல் வரவில்லை, சாமியைத் தேடிப் போயிருக்கிறாள். மைக்கு அன்றைக்கே முடிவு கட்டிவிட்டாள். அதன்பின் தலைவலி, இடுப்புவலி எதற்கும் அவள் லீவு எடுக்கவில்லை. வாரவிடுமுறை நாளிலும் காலையில் ஒரு நடை போய் நாலு வார்த்தை பேசிவிட்டு வந்தாள். கவுன்ட்டர்க்காரருக்கு அது வசதியாகவே இருந்தது. மைக்கின் முன்னால் உட்காரும்போதெல்லாம் தன் வாயை மூடினால் ஒரு கிழவி தெருவில் விழுவாள் என்கிற நினைப்பும் கூடவே வந்து உட்கார்ந்துகொண்டது. யாரிடம் சொல்வது? சொந்தமாக ஒரு சாமி இருந்தாலாவது அதனிடம் புலம்பலாம். அதனோடுதான் பேச்சுவார்த்தை இல்லையே.

இந்த நேரம் பார்த்துத்தான் மேலாளர் அந்தச் செய்தியைச் சொன்னார். மேலிடத்து உத்தரவு. இனி எல்லா நிலையங்களிலும் கணினிக் குரல். பட்டனை அழுத்தினால் அதுவே பேசிக்கொள்ளும். "உங்களை யாரும் வீட்டுக்கு அனுப்பல. விசாரணை ஜன்னல்ல உக்காந்துக்கலாம். தொண்டைக்கும் ஓய்வு" என்றார். நல்லது செய்கிற மனநிறைவு அவர் முகத்தில் இருந்தது. மைக்கு தலையை ஆட்டிவிட்டு வந்து கழிப்பறையில் நின்றுகொண்டு அண்ணனுக்குப் போன் செய்தாள்.

அண்ணன் முன்பே சொல்லிக்கொண்டிருந்தவன்தான். அவன் ஊருக்கு வெளியே முதியோர் இல்லம் ஒன்று இருக்கிறது, சுத்தமாக வைத்திருக்கிறார்கள், சுற்றிலும் சுவர், வாசலில் ஆள். அவனை வில்லனாக்க ஒன்றுமில்லை. அம்மா கீழே விழுந்த செய்தி கேட்டுப் போனிலேயே அழுதவன் அவன்.

"நீ ஒருத்தியா எத்தனை நாள் தாங்குவ? உன்னை அவங்களுக்குத் தெரியவும் இல்ல. அங்க இருந்தா என்ன, இங்க இருந்தா என்ன?" என்றான்.

அந்தக் கடைசி வார்த்தை அவளைச் சுட்டது.

"மெஷின் குரல் வர்ற அன்னைக்கு நான் வீட்டுல இருந்து பாக்கறேண்ணே. அம்மா சாமியைத் தேடிக் கிளம்பிட்டாங்கன்னா என்னால கட்டிப்போட முடியாது. அப்ப நீ வண்டி எடுத்துட்டு வா."

"ஞாயித்துக்கிழமை வர்றேன். எதுக்கும் துணிமணி எடுத்து வெச்சுடு" என்றான் அண்ணன்.

எடுத்து வைத்தாள். அம்மாவின் புடவைகள் ஒரு பைக்குள் அடங்கிவிட்டன. அத்தனை வருஷம் வாழ்ந்தவளுக்கு இவ்வளவுதானா என்று பையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளியபோது தானே ஏதோ திருடிவிட்டதுபோல் இருந்தது.

அந்த நாள் வந்தது. லீவு போட்டுவிட்டு மைக்கு வாசல் கதவுக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். அம்மா கிளம்பினால் எப்படித் தடுப்பது, கையைப் பிடிப்பதா, காலைப் பிடிப்பதா என்று காலையிலிருந்து மனதுக்குள் ஒத்திகை ஓடிக்கொண்டிருந்தது.

ஒலிபெருக்கி கரகரத்தது. பிறகு ஒரு பெண்குரல், வழவழவென்று, எதிரொலிக்குக் கொஞ்சமும் இடம் கொடுக்காமல் ஓடிற்று. துறைமுகமும் மலையடிவாரமும் மோதிக்கொண்டன.

அம்மா காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். "இது யாரு, மூச்சே விடாம?" என்றாள்.

"புதுசும்மா."

"நல்லாத்தான் இருக்கு. ஆனா நம்ம சாமி இல்ல."

மைக்கு நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அம்மா எழுந்தாள். சுவரைப் பிடித்து நடந்தாள். கதவுப் பக்கம் வரவில்லை. வழக்கம்போல ஜன்னல் பக்கம் போய், வழக்கமான இடத்தில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டாள். மதியம் போயிற்று. அந்த வழவழக் குரல் எத்தனையோ வண்டிகளை அனுப்பி வைத்தது. அம்மா அதைச் சட்டை செய்யவில்லை. வெயில் தாழ்ந்ததும், எப்போதும் பேசுகிற மாதிரியே பேச ஆரம்பித்தாள்.

"சாமி, டீச்சரம்மாவுக்கு முட்டிவலி குறையணும். அந்தப் பூனை குட்டி போட்டிருக்கு, நாய் கண்ணுல படாம பாத்துக்கோ."

மைக்குவுக்குப் பொறுக்கவில்லை. எவ்வளவு நேரம் அம்மா இப்படி ஏமாறுவதைப் பார்த்துக்கொண்டிருப்பது? எழுந்து பக்கத்தில் போனாள். "அம்மா, அந்தச் சாமி போயிடுச்சும்மா. இனிமே பேசாது. யார்கிட்டப் பேசுற?"

அம்மா கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தாள். கோபமில்லை, கொஞ்சம் பரிதாபம்தான் இருந்தது. "பேசாட்டி என்ன? காது கேக்காதா அதுக்கு?"

மைக்கு அப்படியே ஜன்னலை ஒட்டித் தரையில் உட்கார்ந்துவிட்டாள். காய்ச்சலிலும் இடுப்புவலியிலும் ஓடி ஓடிப் போய் எதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாளோ, அது அவள் பிடித்ததால் நிற்கவில்லை. அவள் வாயை மூடினாலும் அம்மாவின் சாமிக்கு ஒன்றும் ஆகவில்லை. அவமானமாக இருக்க வேண்டியது; வந்ததோ நிம்மதி. அப்பாடா, நான் இல்லை, நான் இல்லவே இல்லை என்று உள்ளுக்குள் ஏதோ சொல்லிக்கொண்டது.

அம்மா விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். "எம் பையன் வண்டியை வேகமா ஓட்டுறான், அவனுக்கு நல்ல புத்தி குடு. அப்புறம் அந்தப் பொண்ணு விஷயம். நான் எத்தனை தடவை கேக்கறது? நீ காதுலயே வாங்கிக்க மாட்டேங்கற."

"எந்தப் பொண்ணும்மா?" என்றாள் மைக்கு.

"இந்த வீட்டுல ஒரு பொண்ணு இருக்கு" என்றாள் அம்மா, ஜன்னலை விட்டு முகத்தைத் திருப்பாமல். "எனக்குச் சோறு போடும், தலை வாரிவிடும். கொஞ்சம் சிடுசிடுன்னு இருக்கும், ஆனா நல்ல பொண்ணு. ஒரு நாள் காய்ச்சல்ல சுருண்டு கெடந்துச்சு. தூக்கத்துல அம்மா அம்மான்னு அனத்துச்சு. எனக்குப் பாக்கச் சகிக்கல. அதான் அவ அம்மாவைத் தேடிப் புடிச்சுக் கூட்டிட்டு வரலாம்னு கிளம்பினேன். தெருவெல்லாம் கேட்டேன். ஒருத்தருக்கும் தெரியல. அதுக்குள்ள கீழ விழுந்துட்டேன்."

மைக்கு வாயைப் பொத்திக்கொண்டாள்.

அம்மா மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள். "எனக்கு வழி தெரியல சாமி. நீயாவது அவ அம்மாவைக் கூட்டிட்டு வந்து விட்டுடு. புள்ள தனியா இருக்கு."

சுவருக்கு அப்பால் ஒரு வண்டி கிளம்பிப் போகிற சத்தம் கேட்டது. மைக்கு அழுதாள். சமையலறைக்கு ஓடாமல், முகத்தை மறைக்காமல், அம்மாவின் முட்டியில் தலையை வைத்துக்கொண்டு அழுதாள். யாரோ ஒரு பெண் அழுகிறாள் என்று அம்மா அவள் தலையைத் தடவிக்கொடுத்தாள். தெரியாத பெண்ணைத் தடவுகிற கைதான் அது. மைக்குவுக்கும் அது தெரிந்தே இருந்தது. தெரியாத பெண்ணுக்காகவே செருப்பில்லாமல் தெருவில் இறங்கி முழங்காலைச் சிராய்த்துக்கொண்டவள், தெரிந்திருந்தால் இன்னும் என்னதான் செய்திருப்பாள்?

அழுகை ஓய்ந்ததும் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "அம்மா. அந்தப் பொண்ணோட அம்மா வந்துட்டாங்க."

"நெசமாவா?" அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "எப்ப?"

"இப்பத்தான்."

அம்மாவின் முகம் மலர்ந்ததைச் சொல்ல எனக்குச் சாமர்த்தியம் போதாது. "பாத்தியா?" என்று ஜன்னலைக் காட்டினாள். "காதுல விழுந்திருக்கு. நான் சொன்னேன்ல?" உடனே அவளுக்கு அடுத்த கவலை வந்துவிட்டது. "வந்தவங்களுக்குச் சாப்பாடு இருக்கா? அலைஞ்சு திரிஞ்சு வந்திருப்பாங்க."

இருந்தது. மைக்கு தட்டை எடுத்து வந்து வைத்தாள். வந்தவர்களைத் தனியாகச் சாப்பிட விடக்கூடாது என்று அம்மா தானும் கூட உட்கார்ந்தாள். கரண்டியைத் தட்டிவிடவில்லை, உப்பில்லை என்று குறை சொல்லவில்லை. அவளுக்கு முன்னால் ஒரு தட்டு, மைக்குவுக்கு முன்னால் ஒரு தட்டு. வந்த விருந்தாளி எங்கே என்று அம்மா கேட்கவுமில்லை. சாப்பிட்டு முடித்ததும் உட்கார்ந்தபடியே கண் அசந்தாள்.

மைக்கு அண்ணனுக்குப் போன் செய்தாள். "ஞாயித்துக்கிழமை வண்டி வேண்டாண்ணே. சும்மா பாக்கறதுன்னா வா."

"என்ன ஆச்சு? அம்மாவுக்கு உன்னைத் தெரிஞ்சுடுச்சா?"

"இல்லண்ணே."

"பின்ன?"

என்னவென்று சொல்வாள்? "அவங்க சாமியைத் தேடிப் போகலண்ணே" என்றாள். அண்ணனுக்குப் புரியவில்லை. "நல்லா யோசிச்சுக்கோ" என்று சொல்லிவிட்டு வைத்தான். அவன்மேலும் தப்பில்லை. நாளைக்கும் அம்மா, "நீ எந்த வீட்டுப் பொண்ணு" என்றுதான் கேட்பாள். புடவையைத் திருடினாய் என்பாள். விசாரணை ஜன்னலில் உட்கார்ந்து கத்திவிட்டு வந்தால் வீட்டில் பேச ஆள் இருக்காது. இதெல்லாம் மைக்குவுக்கு நன்றாகவே தெரியும்.

கட்டிலுக்கு அடியிலிருந்த பையை இழுத்துப் புடவைகளை ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் அடுக்கினாள். பிறகு வந்து, தூங்குகிற அம்மாவின் பக்கத்தில், ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தாள். ஊருக்கெல்லாம் பேசிய வாய்க்கு ஒரு வார்த்தை அகப்படவில்லை. சாமியோடு இத்தனை வருஷம் பேசாமல் இருந்துவிட்டு எங்கிருந்து தொடங்குவது? கோபத்திலிருந்தா, அப்பாவிலிருந்தா? கூச்சத்தோடு, அம்மா விழித்துவிடாதபடி மெல்ல, "நான்தான்" என்றாள்.

அதற்குமேல் அன்று ஒன்றும் வரவில்லை. பதிலும் வரவில்லை. அவள் எழுந்து போகாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.